பேர் சொல்லும் இடம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற அந்த ஆலையில் பக்கத்தில் நிற்பவள் கூப்பிட்டாலே காதில் விழாது. ஆளுயர டிரம்கள் சுற்றுகிற சத்தம் அப்படி. அன்றைக்கு ஒரு பெல்ட் அறுந்துபோய், மெக்கானிக் வருகிற வரை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதி தாங்காமல் மடிப்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள். பாவம், யாரை உசுப்பிவிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

முதலில் ஒரு கனத்த இடி, பெரிய மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. அப்புறம் தகரத்தை யாரோ சோம்பலாகத் தட்டுகிற ஓசை. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இழுத்து இழுத்து வந்தது, தூக்கத்தில் பேசுகிறவள் போல. ரம்பம் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அது அவளுடைய குரல்.

ரம்பம் என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். அறுவை போடுகிறவள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவள் வாயைத் திறந்தால் மரத்தில் ரம்பம் இறங்குவது போலச் சொற்கள் தெறிக்கும். மூச்சு விடுகிற இடம் எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குடோன் தெருவில் ராப் பிறந்த காலத்தில் அவள்தான் முதல் வரிசை. சாயங்காலம் குடோன்களை அடைத்த பிறகு, சுமை தூக்குகிறவர்கள் மூடின ஷட்டர்களில் முட்டியால் தாளம் தட்டுவார்கள், ரம்பமும் கூட்டாளிகளும் பாடுவார்கள். அதற்குத் ‘தகரம்’ என்றே பெயர் ஆகிவிட்டது. தகரத்துக்கு ஒரே ஒரு சட்டம். பாட்டின் கடைசி வரியில், யார்மேல் கோபமோ அவன் பெயரைச் சொல்ல வேண்டும். கூலியைப் பிடித்த மேஸ்திரி, மாமூல் வாங்கின போலீஸ்காரர், தண்ணீர்க் குழாயை மூடின கவுன்சிலர், யாராக இருந்தாலும் சரி. கடைசி வரி நெருங்கும்போது கூட்டமே ஷட்டரை அடித்து, “பேரு! பேரு!” என்று கத்தும். பெயர் சொல்லாமல் இறங்கினவனை மறுநாள் டீக்கடையில் கூட மதிக்க மாட்டார்கள்.

இந்தப் பாட்டையும் அவள் அப்படித்தான் பாடினாள். அது அவள் தம்பி செத்ததற்குப் பாடின பாட்டு. மெத்தைக் குடோனில் அவனுக்கு ராத்திரி வேலை. சரக்குத் திருட்டுப் போகிறது என்று முதலாளி ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஒரு நாள் உள்ளே தீப்பிடித்தது. பஞ்சும் ஃபோமும் எரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? விசாரணையில் மின்கசிவு என்றார்கள். பூட்டு எங்கே போனது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. முதலாளி இப்போது வியாபாரிகள் சங்கத் தலைவர், மாலையும் மேடையுமாக இருக்கிறான். அவன் பெயரை இந்த ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் திட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அது ரம்பத்தின் பாட்டின் கடைசி வரி.

அந்தக் கடைசி வரி இப்போது மடிப்பு மேஜையில் வந்துகொண்டிருந்தது. ரம்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில், “ம்ம்ம்ம்...” என்று வேறொரு குரல் நீளமாக முனகியது. அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிட்டது.

“இந்த ‘ம்ம்ம்’ வர்ற இடம் இருக்கே, அக்கா, எனக்கு அப்படியே அழுகை வந்துரும்,” என்றாள் புதுப்பெண். “அந்த இடத்துல நான் என் வீட்டுக்காரரை நினைச்சுத் திட்டிக்குவேன். என் தங்கச்சி அவ டீச்சரைத் திட்டிக்குவா. எல்லாருக்கும் ஒரு ஆள் இருக்காங்கல்ல?”

“பாடுனது யாரு?”

“என்னக்கா, தூறலைத் தெரியாதா? இப்ப எங்க பாத்தாலும் அவங்க பாட்டுதான்.”

ரம்பத்துக்குத் தூறலைத் தெரியாமல் என்ன! அந்தத் தூறலுக்குத்தான் அன்று காலை இட்டிலியைத் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தம்பி மகள். தம்பி போன மறுவருஷமே தம்பி மனைவி வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் இவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் கில்யாணம் என்று யோசிக்கவே நேரமில்லை. வளர்த்து ஆளாக்கின அந்தப் பிள்ளை, சொந்த அப்பனைக் கொன்றவன் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முனகி வைத்திருக்கிறது. விரிப்பை மேஜையில் விசிறி அடித்தாள். மேஸ்திரியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பொய்கூட இல்லை, வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வீடு மாடியில், இரண்டே அறை. உள்ளறையில் துணி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள் தூறல். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம்; அவளுடைய ஸ்டூடியோ அதுதான். ரம்பம் போய் காதில் இருந்த ஹெட்போனைப் பிடுங்கினாள்.

“எடுத்தது எடுத்தே, என்னைக் கேட்டியாடி?”

தூறல் திரும்பிப் பார்த்தாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. என்றைக்காவது இது வரும் என்று எதிர்பார்த்திருந்த முகம்.

“கேட்டா குடுத்திருப்பீங்களா அத்தை?”

“செருப்பாலடிச்சிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

“வாயைப் பாரு! பழைய கேசட்டுலேருந்து என் குரலை எடுத்து ஏன்டி இப்படி இழுத்து வெச்சிருக்கே? சாராயம் குடிச்சவ மாதிரி இருக்கு. அதைக்கூட விட்டுடறேன். பேரு எங்கடி? அந்தப் படுபாவி பேரு எங்க?”

“பேரு சொன்னா பாட்டை இறக்கிடுவாங்க அத்தை. போன வருஷம் ஒருத்தன் ஒரு எம்.எல்.ஏ பேரைச் சொன்னான். அவன் பாட்டு ஒண்ணுகூட இப்ப எங்கயும் இல்ல, எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. அதோட, எங்க பாட்டுல பேரு வராது. இழுவைல யாரும் பேரு சொல்றதில்ல. இடத்தைக் காலியா விட்டுருவோம். கேக்கறவங்க அவங்கவங்க ஆளை வெச்சுக்குவாங்க.”

“வெச்சுக்க அது என்ன வாடகை வீடா? அது என் தம்பி செத்த இடம்டி!”

புதுசாகப் பாடுகிறவர்கள் தங்கள் பாட்டை ‘இழுவை’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ரம்பத்துக்கு அந்தப் பெயரே பிடிக்காது. வேலை இழுத்துக்கொண்டே போனால் இழுவை என்போம், வழக்கு இழுத்துக்கொண்டே போனால் இழுவை என்போம். பாட்டுக்குப் போய் யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா? தகரத்தில் பத்து வார்த்தை நிற்கிற இடத்தில் இவர்கள் ஒரே வார்த்தையைப் போட்டு, அதையும் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கிறார்கள். கோபம் வந்தால் கத்தத் தெரியாத பிள்ளைகள். சோறு தின்னும்போதுகூடச் சத்தம் வராமல் தின்கிற பிள்ளைகள்.

“சொரணை இருக்காடி உனக்கு?” என்றாள். “அவன் உன் அப்பன்டி. உன் அப்பனைக் கொன்னவன் பேரைச் சொல்ல உனக்குப் பயம். இதுல பாட்டு வேற!”

தூறல் ஹெட்போனை வாங்கி மேஜையில் வைத்தாள். அவளுக்குக் குரல் உயரவே உயராது. கோபம் வந்தால் இன்னும் தணியும்.

“ஒண்ணு கேக்கறேன் அத்தை. உங்க பாட்டை நான் சின்ன வயசுலேருந்து கேக்கறேன். நீங்க போற வேகத்துல வெளியாளு காதுல ஒரு வார்த்தை விழாது. கடைசியில அவன் பேரு ஒண்ணுதான் விழும். ஊரே அவன் பேரைத்தான் கத்திச்சு. எங்கப்பா பேரு அந்தப் பாட்டுல எங்க இருக்கு?”

ரம்பம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பாட்டை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டினாள். பூட்டு வந்தது, சாவி வந்தது, புகை வந்தது, போலீஸ் வந்தது. தம்பி வரவில்லை. ‘உள்ளே ஒருத்தன்’ என்று ஒரு இடத்தில் வந்தது, அவ்வளவுதான். தகரத்தில் எதிரி பெயரைத்தான் சொல்வது. நம்ம ஆள் பெயரை யார் சொன்னார்கள்?

தன் தப்பு தெரிந்துவிட்டால் மனுஷிக்கு இரண்டு மடங்கு கோபம் வரும். “உன் பாட்டுல மட்டும் இருக்கானா? முனகல்தானடி இருக்கு!” என்று கத்தினாள்.

“இல்லதான்,” என்றாள் தூறல். “எனக்குச் சொல்ல வரல அத்தை. அந்த இடத்துக்கு வரும்போது வாயே வரல. வந்தது அந்த ‘ம்ம்ம்’தான். அதை அப்படியே வெச்சுட்டேன்.”

உருகினாலும் அதை வெளியே காட்டிக்கொள்கிற ஜாதி இல்லை ரம்பம். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று தேய்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் டப்பா வந்தான். குடோன் தெரு நாட்களில் காலி எண்ணெய் டின்னை மடியில் வைத்துத் தட்டினவன், அதனால் டப்பா. இப்போது அவனுக்குச் சொந்த ஸ்டூடியோ, கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ. ஷூவைக் கழற்றாமலே உள்ளே வரப் பார்த்தான். ரம்பம் பார்த்த பார்வையில் வாசலிலேயே கழற்றினான்.

“ரம்பம், கோவப்படாம கேளு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டு அரங்கத்துல தூறலோட கச்சேரி. ஆன்லைன்லயும் நேரடியா போகுது. நடுவுல நீ வந்து அந்தப் பாட்டைப் பாடணும். உன் பாட்டு, உன் வாயால. இந்தப் பசங்களுக்கு நீ யாருன்னே தெரியாது. காட்ட வேண்டாமா?”

“யாரு யோசனை இது?”

“பாப்பாவோடதுதான்.” உள்ளறையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். “நீ பேசமாட்டேங்கறியாமே. என்னை அனுப்பினா.”

ரம்பம் காய்கறியை நறுக்கிக்கொண்டே யோசித்தாள். அரங்கம் நிறைய ஆள். அதற்கு மேலே போன் போனாக எத்தனை பேரோ. குடோன் தெருவில் நூறு பேர் முன்னால் சொன்ன பெயரை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லலாம். அவன் வீட்டு ஹாலில் அவன் பேரப்பிள்ளை போனில்கூட அது கேட்கும்.

“ஆனா ஒண்ணு,” என்று டப்பா இழுத்தான். “உயிரோட இருக்கிற யாரு பேரும் வரக்கூடாதுன்னு ஒளிபரப்பறவங்க கண்டிஷன். அந்தப் பேரு மட்டும் வேண்டாம். அந்த இடத்துல பாப்பா மாதிரி முனகிடேன்.”

“சரி,” என்றாள் ரம்பம்.

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் டப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருக்காதா பின்னே! கூடவே வளர்ந்தவன். “பேரு எப்பவும் போல கடைசி வரியிலதானே?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டான்.

“பின்ன நடுவுலயா வரும்? தகரத்தை மறந்துட்டியாடா?”

“இல்ல இல்ல. ஒத்திகைக்கு எப்ப வர்றே?”

“நான் எழுதின பாட்டை எனக்கே ஒத்திகை பாக்கணுமா? போடா அந்தாண்ட! தாளத்தைப் போடு, பாடறேன்.”

அந்த ஒத்திகைக்குப் போகாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். போயிருந்தால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும், சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

சனிக்கிழமை அரங்கத்துக்குள் நுழைந்தபோது ரம்பத்துக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு தள்ளுமுள்ளு இல்லை, விசில் இல்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதல் தோல்வியில் மாநாடு போட்ட மாதிரி இருந்தது. மேடைமேல் தூறல் நீல வெளிச்சத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தாள். கூட்டமும் கூடவே முனகியது. மேடை ஓரத்தில் மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் ஒலிக்காரர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டப்பா நின்றிருந்தான். ரம்பத்தைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

தூறல் மைக்கில் சொன்னாள்: “இந்தப் பாட்டை முதல்ல பாடினவங்க வந்திருக்காங்க. எங்க அத்தை.”

ஆலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள் ரம்பம். நீல நிற வேலைக் கோட்டு, அதில் பிளீச்சிங் கறை. மேடை ஏறி மைக்கை வாங்கினாள். அத்தைக்கும் மருமகளுக்கும் நடுவே நாலு முழம் இடைவெளி. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. தாளம் ஆரம்பித்தது.

அங்கேதான் தவறு நடந்தது. இழுவைத் தாளத்தில் இரண்டு ஓசை ஒன்றாக ஓடும். மேலே ‘டிக் டிக் டிக்’ என்று பொடியாக ஒன்று விரைந்து ஓடும். கீழே அந்த மூட்டை விழுகிற இடி, பாதி வேகத்தில், ஆற அமர விழும். புதுப் பிள்ளைகள் இடிமேல் உட்கார்ந்து பாடுவார்கள்; பொடி ஓசை அவர்களுக்குச் சும்மா தூவினது. ரம்பத்துக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? அவள் காதுக்கு அந்த ‘டிக் டிக்’தான் ஷட்டர் தாளம். அதைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள்.

பாய்ந்தாள் என்றால் அப்படி ஒரு பாய்ச்சல்! பூட்டும் சாவியும் புகையும் போலீசும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மூச்சு வாங்கவில்லை. இத்தனை வருஷம் துவைத்த விரிப்பெல்லாம், அடக்கி வைத்த பேச்சு எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் வாயில் பாப்கார்னைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தான். தாளம் பாதி தூரம்தான் போயிருந்தது, அவள் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் என் வீட்டுக்குத்தான் வரும். ரம்பத்துக்கு இருக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அவள் சொன்னாள். முழுப் பெயரையும், எழுத்து எழுத்தாக, அரங்கத்தின் கூரை அதிரச் சொன்னாள்.

சொல்லிவிட்டு நின்றாள். மார்பு ஏறி இறங்கியது. சொல்லியாயிற்று. இனி அவன் கோர்ட்டுக்கு இழுக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் பாட்டு முடியவில்லை. தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்கு ஒதுக்கின இடத்தில் சரிபாதி காலியாகக் கிடந்தது.

அந்தக் காலி இடத்தில் கூட்டம் பாட ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஒரு பெண் ஆரம்பிக்க, நாலு பேர் சேர, அரங்கமே சேர்ந்துகொண்டது. முனகல் வருகிற இடத்தில் இன்றைக்கு ஒரு வார்த்தை வந்திருக்கிறது, புதுசாக இருக்கிறது, நீட்டிப் பாட வாகாகவும் இருக்கிறது. அவர்களுக்கு அது யார் என்று தெரியுமா, என்ன என்று தெரியுமா? அந்தக் கொலைகாரன் பெயரை, காதலன் பெயரைச் சொல்வது போலக் குழைந்து குழைந்து பாடினார்கள். போன் விளக்குகளை உயர்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள். சில பேர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

ரம்பத்துக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தன் வாழ்நாளில் அவள் அவ்வளவு கோபப்பட்டதில்லை, தம்பியை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த அன்றுகூட. அன்று அழுகையும் கூட இருந்தது. இன்றைக்கு வெறும் கோபம்.

“பாடாதீங்கடா!” என்று மைக்கில் அலறினாள். “நிறுத்துங்க! அது பாட்டு இல்லடா, அது ஒருத்தன் பேரு! குடோனை வெளியில பூட்டிட்டுப் போய்த் தூங்கினவன் பேரு! எல்லாம் எரிஞ்சதுக்கு அப்புறம்தான் சாவியைக் கொண்டு வந்தான்! இனிச்சா இருக்கு உங்களுக்கு அந்தப் பேரு?”

பாட்டு அங்கங்கே தேய்ந்தது. முன்வரிசையில் விளக்குகள் இறங்கின. பின்னால் இருந்தவர்கள் இன்னும் புரியாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளம் கடைசிக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை அவள் இதற்கு முன்னால் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

“உள்ள இருந்தது யாரு தெரியுமாடா? உள்ள மாட்டிக்கிட்டது என்—”

மைக் செத்துப்போனது.

அவள் உதடு அசைந்தது. ‘தம்பி’ என்றுதான் சொன்னாள். அவள் காதுக்கே கேட்கவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். ஒலிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல் ஒரு பொத்தானை அழுத்தியபடி இருந்தது, முகம் வெளுத்திருந்தது. தாளத்தின் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெயர் கடைசி வரியில் வரும், அந்த இடத்தில் வாயை அடைத்துவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். இவள் பாதி நேரத்திலேயே பாடி முடித்துவிட்டாள். அந்த மனுஷர் தலைகால் புரியாமல், சொன்ன இடத்தில் சொன்னபடி அழுத்திவிட்டார். கொன்றவன் பெயர் ஊரெல்லாம் கேட்டாயிற்று, செத்தவனைச் சொல்கிற இடத்தில் வாய் அடைபட்டுப்போயிற்று.

அதை ஏற்பாடு பண்ணினது யார் என்று கேட்கவே வேண்டாம். ஒலிக்காரர் டப்பாவைப் பார்க்கவில்லை. ‘விரலை எடுக்கட்டுமா, வேண்டாமா’ என்பது போலத் தூறலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரம்பம் தூறலைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். மருமகள் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அத்தை கையிலிருந்த செத்த மைக்கைப் பார்த்தாள், தன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். அவளுடையது உயிரோடு இருந்தது. அவள் மூச்சு அரங்கம் பூராவும் கேட்டது. கூட்டம் அமைதியாகிவிட்டது. என்னவோ நடக்கிறது என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிட்டது.

“எங்கப்பா,” என்றாள் தூறல்.

முனகவில்லை, இழுக்கவில்லை. அந்த மூட்டை விழுகிற இடிமேல், ஒரு இடிக்கு ஒரு சொல்லாக வைத்தாள். “உள்ள. இருந்தது. எங்கப்பா.” கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது. அரங்கத்தில் ஒரு விளக்குகூட ஆடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் ஒருத்தி. சற்று முன்னால் அந்தப் பெயரைக் குழைந்து பாடினவள் அவள்தான்.

ரம்பத்துக்குக் கை பரபரத்தது. இதைச் செய்தவளை அந்த மேடையிலேயே, அத்தனை பேர் பார்க்க, ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. நாலு முழத்தையும் இரண்டே எட்டில் கடந்து அவள் முன்னால் போய் நின்றாள். தூறல் அறையை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள், கண்ணைக்கூட மூடவில்லை.

“அப்பான்னா யாரு?” என்று ரம்பம் கத்தினாள். மைக் இல்லை, ஆனாலும் அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு? “ஊருல எல்லாருக்கும்தான் அப்பன் இருக்கான். அவனுக்குப் பேரு இல்லையா? பேரு சொல்லுடி!”

தூறலின் வாய் திறந்தது, வரவில்லை. இன்னொரு முறை திறந்தது. உதடு துடிக்க, மூக்கு ஒழுக, தன் அப்பாவின் பெயரை இனிஷியலோடு சேர்த்துச் சொன்னாள்.